எந்தத் தாவோ தே ஜிங்கை வாங்குவது?

அன்றைக்கு டீச்சரிடம் நான் சொன்னது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் அந்தப் பேச்சு மனசுக்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

எங்கள் நூலகத்து ஆங்கில வாசிப்பு வட்டத்துக்கு அடுத்த புத்தகம் பழைய சீனத் தத்துவ நூலான தாவோ தே ஜிங் என்று முடிவானது. எல்லோர் கையிலும் ஒரே பதிப்பு இருந்தால்தான் பேச்சு ஓடும். எதை வாங்குவது என்று தீர்மானிப்பது என் வேலை. மூலம் சுமார் 5000 சீன எழுத்துகள்தான், 81 அத்தியாயங்கள். ஆங்கிலத்திலோ நூறு பெயர்ப்புகளுக்கு மேல் இருக்கின்றன. மலாக்காவில் பணியைத் தொடங்கிய பாதிரியார் ஜேம்ஸ் லெக் 1891இல் கொண்டுவந்தது இன்றைக்கு வாசிக்கச் சிரமம். ஆர்தர் வேலியின் 1934 பதிப்பில் முன்னுரையே ஒரு தனிப் புத்தகம் போல நீளும். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று, ஹாங்காங்கில் பிறந்து லண்டனில் சீனம் கற்பித்த டி.சி. லாவ் 1963இல் பெங்குவின் பதிப்பகத்துக்காகச் செய்தது. மற்றது ஸ்டீபன் மிட்செல் 1988இல் எழுதியது.

மிட்செலுக்குச் சீனம் தெரியாது. அதை அவர் மறைக்கவும் இல்லை. பழைய பெயர்ப்புகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, பல ஆண்டு ஜென் பயிற்சியின் பலத்தில் எழுதினார்.

இரண்டிலிருந்தும் 46ஆம் அத்தியாயத்தை நகலெடுத்து வட்டத்தில் கொடுத்தேன். லாவிடம், தாவோ, அதாவது இயற்கையின் நெறி, நிலவும் நாட்டில் ஓட்டக் குதிரைகள் வயல் வேலைக்குத் திரும்புகின்றன. அது இல்லாத நாட்டில் எல்லையில் போர்க்குதிரைகள் ஈனுகின்றன. மிட்செலிடம் குதிரையே கிடையாது. நல்ல நாட்டில் தொழிற்சாலைகள் லாரியும் டிராக்டரும் செய்கின்றன, கெட்ட நாட்டில் ஊருக்கு வெளியே ஏவுகணைக் குண்டுகள் குவிகின்றன. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய புத்தகத்தில் டிராக்டர்! இதைப் பார்த்தாலே எல்லோரும் லாவ் பக்கம் வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். கைகள் மிட்செலுக்குத்தான் உயர்ந்தன.

நான் லாவ் என்றேன். மூலம் தெரியாதவர் எழுதியதை மொழிபெயர்ப்பு என்று வாங்கித் தர முடியாது என்று காரணமும் சொன்னேன்.

டீச்சர்தான் கேட்டார். பணி ஓய்வு பெற்ற ஆசிரியை, சீனர். வீட்டில் தியோச்சூ என்ற சீன வட்டார மொழி, பள்ளியில் ஆங்கிலம். 1979இல் இங்கே சிங்கப்பூரில், பொதுச் சீனமான மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியபோது அவர் வேலைக்கே வந்துவிட்டார். சீன எழுத்து அவருக்கு வாசிக்க வராது. அவருடைய அப்பா இந்தப் புத்தகத்தைத் தியோச்சூவில் மனப்பாடமாகச் சொல்வாராம்.

“அவருக்குச் சீனம் தெரியாது என்கிறீர்கள். எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அப்புறம் எதை வைத்து ஒன்றைத் தள்ளுகிறீர்கள்?”

தெரிந்தவர்களை நம்பித்தான் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். தமிழே தெரியாத ஒருவர் பத்து ஆங்கிலக் குறள்களை வைத்துப் பதினோராவது குறள் எழுதினால் நான் ஏற்க மாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

“உங்களுக்குத் தமிழ் தெரியும், நீங்கள் ஏற்க வேண்டாம். உங்கள் பேத்திக்குத் தமிழ் தெரியாமல் போனால்? அவள் மனசில் எது போய் உட்காருமோ அதைக் கொடுப்பீர்களா, எது சரியோ அதையா?” பிறகு நகலைத் தட்டிக் காட்டினார். “குதிரை எனக்கு ஒரு படம். குண்டு அப்படி இல்லை. 1942இல் இங்கே விழுந்ததை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.”

சரிதான் என்று தலையாட்டினேன், லாவைத்தான் வாங்கினேன். வாங்கியதில் எனக்கு வருத்தம் இல்லை. மூலத்தில் புரியாத இடம் லாவிடமும் புரியாமலே நிற்கும், அதைப் பற்றி வட்டத்தில் சண்டை போடலாம். மிட்செல் அந்த இடங்களை இழைத்து வழவழப்பாக்கிவிடுகிறார், பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. எங்கள் கூட்டங்களில் நல்ல விவாதம் எழுந்ததெல்லாம் முரடான வரிகளில்தான். டீச்சர் எல்லாக் கூட்டத்துக்கும் வந்தார், தன் மிட்செலையும் கொண்டுவந்து லாவின் மேல் வைத்துக்கொண்டு.

ஆனால் மூலம் தெரிந்தவர் செய்ததுதான் வேண்டும் என்ற என் விதியை நானே எவ்வளவு நம்புகிறேன்? அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 1997இல் ஒரு தாவோ தே ஜிங் எழுதினார். அவருக்கும் சீனம் தெரியாது. பால் கேரஸின் 1898 பதிப்பில் எழுத்துக்கு எழுத்து பொருள் கொடுத்திருந்ததைப் பிடித்துக்கொண்டு, சீனம் அறிந்த பேராசிரியர் ஒருவரின் துணையோடு செய்தார். அந்தப் பழைய பதிப்பு அவருடைய அப்பாவினுடையது. தன் இறுதிச் சடங்கில் வாசிக்க வேண்டிய அத்தியாயங்களை அப்பா அதில் குறித்து வைத்திருந்தார். அந்தப் புத்தகத்தை நான் மனசாரப் படித்தேன், நண்பர்களுக்கும் கொடுத்தேன். தன்னுடையது மொழிபெயர்ப்பு அல்ல என்று அவரே சொல்லிவிட்டார், அதனால் பரவாயில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். மிட்செலும் தனக்குச் சீனம் தெரியாது என்று சொன்னவர்தானே? ஒருவரின் அப்பா கதை என்னை இளக்கியது. எதிரே உட்கார்ந்திருந்தவரின் அப்பாவுக்கு நான் ஏன் அதே இடம் கொடுக்கவில்லை?

நூலகத்துக்கு வாங்குவது வேறு, நண்பருக்குக் கொடுப்பது வேறு என்பேன். பொதுப் பணத்தில் வாங்கும்போது என் ரசனையை ஒதுக்கி வைக்க ஏதாவது ஒரு விதி வேண்டும். அந்த விதி பெரும்பாலானவர்களின் விருப்பத்தையும் சேர்த்து ஒதுக்கியது என்பதும் உண்மை.

அடுத்தது சுவாங்ட்சு, இன்னொரு பழைய தாவோ நூல். பர்ட்டன் வாட்சனின் 1968 பெயர்ப்பு இருக்கிறது, சீனத்தில் ஊறியவர் செய்தது. தாமஸ் மெர்ட்டனின் 1965 புத்தகமும் இருக்கிறது. மெர்ட்டன் துறவி, அவருக்கும் சீனம் வராது. வாட்சனைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த முறை நகல் எடுத்துக் கொடுத்துக் கருத்துக் கேட்கவில்லை. அது நேர்மையா என்று டீச்சர் கேட்டால் என்ன சொல்வதென்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.