ஓபியேட் பரிசோதனை எதைத் தேடுகிறது, எதைத் தேடுவதில்லை

அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் எனக்கு, வலி சிகிச்சைப் பிரிவிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒரு கேள்வி மட்டும் ஓய்ந்தபாடில்லை. "நோயாளிக்கு ஆக்ஸிகோடோன் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேளை தவறாமல் சாப்பிடுவதாகச் சொல்கிறார். உங்கள் அறிக்கையிலோ ஓபியேட் நெகட்டிவ் என்று இருக்கிறது. மாத்திரையை வெளியே விற்கிறாரா?" ஓபியேட் என்றால் ஓபியத்திலிருந்து நேரடியாகக் கிடைக்கும் மார்ஃபின், கோடீன் போன்றவை; ஓபியாய்டு என்பது அவற்றோடு, மனிதர் மாற்றியோ உருவாக்கியோ செய்த ஆக்ஸிகோடோன், ஃபென்டனில் போன்ற வலிநிவாரணிகளையும் சேர்த்த பெரிய குடும்பம். கேட்கும் மருத்துவரைக் குறை சொல்ல முடியாது. ஓபியாய்டு வலிநிவாரணிகளைத் தொடங்கும் முன்பும், தொடரும்போது ஆண்டுக்கு ஒரு முறையேனும் சிறுநீரைச் சோதிக்க வேண்டும் என்று நோய்க் கட்டுப்பாட்டு மற்றும் தடுப்பு மையம் 2016இல் பரிந்துரைத்த பிறகு பரிசோதனைகள் பெருகின. அவற்றின் முடிவுகளைப் படிக்கும் பயிற்சி அந்த அளவுக்குப் பெருகவில்லை. அவருக்கு நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: அந்தப் பரிசோதனை ஆக்ஸிகோடோனைத் தேடவே இல்லை.

இதற்கான காரணம் வரலாற்றில் இருக்கிறது. வியட்நாமிலிருந்து ஊர் திரும்பும் படைவீரர்கள் விமானம் ஏறுவதற்கு முன் சிறுநீர் கொடுத்தாக வேண்டும் என்று 1971இல் நிக்சன் அரசு உத்தரவிட்டது. அன்று தேடப்பட்டது ஹெராயின். உடலுக்குள் போன ஹெராயின் சில நிமிடங்களிலேயே 6-மோனோஅசிட்டைல்மார்ஃபினாகவும், பிறகு மார்ஃபினாகவும் மாறிவிடுவதால், மார்ஃபினைப் பிடிக்கும் ஆன்டிபாடி (குறிப்பிட்ட மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் புரதம்) ஒன்று கிடைத்தால் போதுமானதாக இருந்தது. அந்தத் தேவையிலிருந்து பிறந்த பரிசோதனைகளின் வழித்தோன்றல்தான் இன்றும் எங்கள் கருவிகளில் ஓடுகிறது. ஆக்ஸிகோடோனும் ஹைட்ரோகோடோனும் அமெரிக்க வீடுகளின் மருந்தலமாரிகளை நிரப்பியது அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு.

கருவிக்குள் நடப்பதைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். பார்கோடு ஒட்டிய குழாய்கள் ரேக்கில் வரிசையாக நகர்ந்து வர, மெல்லிய ஊசி ஒன்று இறங்கிச் சில மைக்ரோலிட்டர் சிறுநீரை உறிஞ்சி, குவெட் என்ற சிறிய கலத்தில் விட்டு, அதன்மேல் இரண்டு ரீஏஜென்ட்டுகளை, அதாவது வினைக்கரைசல்களை, சேர்க்கிறது. முதலாவதில் மார்ஃபினைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி இருக்கிறது. இரண்டாவதில், குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டீஹைட்ரஜனேஸ் என்ற நொதியோடு பிணைக்கப்பட்ட மருந்து மூலக்கூறு இருக்கிறது. ஆன்டிபாடி வந்து ஒட்டிக்கொண்டால் அந்த நொதியால் வேலை செய்ய முடியாது. சிறுநீரில் ஏற்கெனவே மார்ஃபின் இருந்தாலோ, பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடித்ததைப் போல அதுவே ஆன்டிபாடியின் இடங்களை நிரப்பிவிடும். இடம் கிடைக்காத நொதி தன்னிச்சையாக வேலை செய்து என்.ஏ.டி. என்ற துணைப்பொருளை என்.ஏ.டி.எச். ஆக மாற்றும். அந்த மாற்றத்தை 340 நானோமீட்டர் ஒளியில் கருவி அளக்கிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம், அந்த நொதியை லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியாவிலிருந்து எடுத்தார்கள் என்பது. மனித உடலில் உள்ள அதே பெயர் கொண்ட நொதி என்.ஏ.டி.பி. என்ற வேறொரு துணைப்பொருளைத்தான் பயன்படுத்தும். ஆகவே நோயாளியின் சொந்த நொதி சிறுநீரில் கசிந்திருந்தாலும் கணக்கு கெடுவதில்லை. எழுபதுகளில் இதை யோசித்தவர்கள் கெட்டிக்காரர்கள்.

ஆனாலும் அந்த ஒளி அளவு ஒரு மருந்தின் பெயரைச் சொல்வதில்லை. ஆன்டிபாடியின் இடங்கள் எவ்வளவு நிரம்பின என்பதை மட்டுமே சொல்கிறது. மார்ஃபினும் கோடீனும் அங்கே நன்றாகப் பொருந்துகின்றன. ஹைட்ரோகோடோன் ஓரளவு பொருந்துகிறது. ஆக்ஸிகோடோனோ, பல ரீஏஜென்ட்டுகளில், மில்லிலிட்டருக்கு ஆயிரக்கணக்கான நானோகிராம் இருந்தால்தான் ஏதோ அசைவைக் காட்டும். மெத்தடோன், டிராமடால், ஃபென்டனில், புப்ரினார்ஃபின் ஆகியவற்றை இந்தப் பரிசோதனையில் எதிர்பார்ப்பதில் பொருளே இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனி ரீஏஜென்ட் வேண்டும். கூட்டாட்சி அரசின் பணியிடப் பரிசோதனைப் பட்டியலிலேயே ஆக்ஸிகோடோன், ஆக்ஸிமார்ஃபோன், ஹைட்ரோகோடோன், ஹைட்ரோமார்ஃபோன் நான்கும் 2017 அக்டோபரில்தான் சேர்ந்தன.

பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற எல்லைக்கோட்டின் கதையும் இதே போன்றதுதான். பணியிடப் பரிசோதனைக்கான விதிகள் 1988இல் வந்தபோது ஓபியேட்டுக்கான வரம்பு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராம். அந்த வரம்பில் கசகசா தூவிய ரொட்டியைச் சாப்பிட்டவர்களும் மாட்டிக்கொண்டதால் 1998இல் அதை 2000 ஆக உயர்த்தினார்கள். நம் வீட்டுக் குருமாவுக்கு அரைக்கும் அதே கசகசாதான். ஓபியம் செடியின் விதை. விதைக்குள் மார்ஃபின் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அறுவடையின்போது காயின் பால் மேலே படிவதால் வரும் வினை அது, ஆகவே ஒவ்வொரு பைக்கும் அளவு மாறும். சில வகை விதைகளில் முன்பு அறிந்ததைவிடக் கூடுதலாகக் கோடீன் இருக்கக்கூடும் என்பதால் கசகசாவையே தவிர்க்குமாறு 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் வீரர்களுக்கு அறிவுறுத்தியது. மருத்துவமனை ஆய்வகங்கள் பலவும் பழைய 300ஐயே வைத்திருக்கின்றன. எங்களுக்கு வேலைக்கு ஆள் எடுப்பது நோக்கமில்லை. சிறிய அளவு கோடீன் சாப்பிடும் நோயாளி நெகட்டிவ் என்று வந்துவிடக் கூடாது என்பதே கவலை. லீவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளும் சில ஓபியேட் ரீஏஜென்ட்டுகளை ஏமாற்றிவிடும் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். சிறுநீர்த் தொற்றுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் ஓபியேட் பாசிட்டிவ் ஆவது கற்பனைக் கதை அன்று.

ஆகவே இந்த முதற்கட்டச் சோதனையை ஒரு வடிகட்டியாக மட்டுமே கொள்ள வேண்டும். உண்மையான செய்தி அடுத்த அறையில் இருக்கும், கலவையைப் பிரிக்கும் திரவக் குரோமட்டோகிராஃபியிலிருந்தும் அதோடு இணைந்த, மூலக்கூறுகளை எடை பார்க்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரிலிருந்தும்தான் வரும். கல்லீரல் இந்த மருந்துகளில் பலவற்றைக் குளுக்குரோனிக் அமிலம் என்ற சர்க்கரை வகைப் பொருளோடு இணைத்து, குளுக்குரோனைடாகவே வெளியேற்றுகிறது என்பதால், முதலில் பீட்டா-குளுக்குரோனிடேஸ் என்ற நொதியைச் சேர்த்து அந்த இணைப்பை அறுக்கிறோம். ஒருகாலத்தில் இந்த நொதியை நத்தையிலிருந்து எடுத்தார்கள். இன்று மரபணு மாற்றிய நுண்ணுயிர்கள் தருவது வேகமானது. தானியங்கிக் கை ஒன்று தொண்ணூற்றாறு குழித் தட்டில் சிறுநீர், நொதி, அளவை ஒப்பிடுவதற்காகக் கனமான ஹைட்ரஜன் (டியூட்டீரியம்) ஏற்றிய உள்தரநிலை மருந்துகள் ஆகிய அனைத்தையும் சொட்டுச் சொட்டாகக் கலந்து வைத்துவிடுகிறது. மனிதக் கை இதைச் செய்த காலத்தில் தோள்வலியே எங்கள் தொழில்நோயாக இருந்தது.

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மூலக்கூறின் எடையைப் பார்க்கிறது என்பதால் அது தவறவே தவறாது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மார்ஃபினுக்கும் ஹைட்ரோமார்ஃபோனுக்கும் ஒரே எடை. இரண்டும் கருவியின் எடை அளவுகோலில் 286 என்ற இடத்தில்தான் தெரியும், கோடீனிலிருந்து உடல் உண்டாக்கும் நார்கோடீனும் அங்கேயே வந்து நிற்கும். கோடீனும் ஹைட்ரோகோடோனும் 300இல் நிற்கும். இன்னும் வினோதமானது, ஹெராயின் பயன்படுத்தியதற்கு அடையாளமான 6-மோனோஅசிட்டைல்மார்ஃபினும், ஹெராயின் மிகையால் மூச்சு நின்றவருக்கு உயிர்காக்கக் கொடுக்கும் நாலாக்ஸோனும் ஒரே மூலக்கூறு வாய்பாட்டைக் கொண்டவை. இவற்றைப் பிரித்தறிவது குரோமட்டோகிராஃபிக் குழலின் பொறுப்பு. ஒன்று சில நொடிகள் முன்னால் வெளிவரும், மற்றொன்று பின்னால் வரும். உடைந்த துண்டுகளின் விகிதமும் பொருந்த வேண்டும். குழல் பழையதாகி, திரையின் வரைபடத்தில் அவற்றின் இரண்டு முகடுகளும் நெருங்கத் தொடங்கினால், மென்பொருள் பச்சை விளக்குக் காட்டினாலும் நாங்கள் தட்டை நிறுத்திவிடுவோம்.

இப்படிப் பிரித்து அளக்கும்போதுதான் மெட்டபொலைட்டுகள், அதாவது உடல் அந்த மருந்தை மாற்றி உண்டாக்கும் பொருள்கள், பேசத் தொடங்குகின்றன. ஹைட்ரோகோடோன் மட்டும் சாப்பிடுகிறவரின் சிறுநீரில் ஹைட்ரோமார்ஃபோன் இருக்கும், ஏனெனில் அவருடைய கல்லீரல்தான் அதைச் செய்தது. இதை அறியாமல், "எழுதிக் கொடுக்காத இன்னொரு மருந்தையும் சாப்பிடுகிறீர்கள்" என்று நோயாளியைக் கண்டித்த மருத்துவர்கள் உண்டு. கோடீன் சாப்பிட்டால் மார்ஃபின் வரும். பெரிய அளவில் மார்ஃபினே சாப்பிடுகிறவரிடம்கூடச் சிறிதளவு ஹைட்ரோமார்ஃபோன் தென்படும். ஆக்ஸிகோடோன் இரு வழிகளில் போகிறது: சிப் 2டி6 என்ற நொதி அதை ஆக்ஸிமார்ஃபோனாக்கும், சிப் 3ஏ4 அதை நாராக்ஸிகோடோனாக்கும். 2டி6 பிறவியிலேயே வேலை செய்யாதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஆக்ஸிமார்ஃபோனைத் தேடிவிட்டு இல்லை என்று சந்தேகப்படுவது அநியாயம். நாராக்ஸிகோடோனைப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும்.

மெட்டபொலைட் இல்லாததும் ஒரு செய்திதான். ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கான புப்ரினார்ஃபின் சிகிச்சையில் இருப்பவர் மருந்தைச் சாப்பிடாமல் விற்றுவிட்டு, பரிசோதனை நாளில் ஒரு துணுக்கைச் சிறுநீர்க் கோப்பையிலேயே கரைத்துவிடுவது உண்டு. முதற்கட்டச் சோதனையில் பாசிட்டிவ், எல்லாம் சரி. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரின் திரையில் புப்ரினார்ஃபினின் முகடு மேற்கூரையை முட்டிக்கொண்டு நிற்கும்; அதற்குக் கீழே, அதன் மெட்டபொலைட்டான நார்புப்ரினார்ஃபினுக்கான தடத்தில் கோடு தட்டையாக ஓடும். உடலைக் கடந்து வந்த மருந்து அப்படி இருக்கவே முடியாது. மாத்திரையில் சேர்ந்திருக்கும் நாலாக்ஸோனும் அதே மாதிரியில் அளவுக்கு மீறி இருக்கும். இந்தக் காட்சியைத் திரையில் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. அதைப் பார்த்துவிட்டு மருத்துவர் என்ன செய்யப்போகிறார் என்ற பதைப்புத்தான் வரும், ஏனென்றால் மருந்து நின்றால் அந்த மனிதர் தெருவில் கிடைக்கும் ஃபென்டனிலுக்குத்தான் போவார்.

மாதிரியின் தரத்தைப் பார்ப்பதும் முதற்கட்டச் சோதனைக் கருவியின் வேலை. தசையிலிருந்து வரும் கழிவான கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் நீர்த்துப்போனதா என்று அடர்த்தி எண்ணைப் பார்ப்போம்; 2க்கும் கீழே என்றால் அது மனிதச் சிறுநீராக இருக்க வாய்ப்பில்லை. எதையாவது கலந்திருக்கிறார்களா என்று அறிய அமிலத்தன்மை, நைட்ரைட் ஆகியவற்றையும் பார்க்கிறோம்.

தமிழ்நாட்டில் இருக்கும் நண்பர்களுக்காக ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அங்கே "வலி நிவாரணி மாத்திரைகள்" என்று நாளிதழ்களில் அடிக்கடி அடிபடும் டபென்டடாலை, இளைஞர்கள் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் அந்த மருந்தை, மார்ஃபினுக்கான சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையோ ஓபியேட் ரீஏஜென்ட்டோ காட்டிக்கொடுக்காது. அதன் அமைப்பு மார்ஃபினைப் போன்றதன்று. பெரும்பகுதி குளுக்குரோனைடாகவே வெளியேறிவிடுகிறது. 2018இல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்த டிராமடாலுக்கும் இதே நிலைதான். மறுவாழ்வு மையத்தில் பட்டை நெகட்டிவ் என்று வந்ததைப் பார்த்துப் பெற்றோர் நிம்மதி அடைவார்கள் என்பதை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

தானியங்கி என்ற சொல்லை ஊசியோடும் ரேக்கோடும் நிறுத்திக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை. இப்போது அறிக்கையை எழுதுவதும் தானியங்கியாகிவிட்டது. மருத்துவர் அனுப்பும் மருந்துப் பட்டியலோடு முடிவை ஒப்பிட்டு, "எதிர்பார்த்தது", "எதிர்பாராதது" என்று மென்பொருளே முத்திரை குத்திவிடுகிறது. பட்டியலோ பெரும்பாலும் அரைகுறை. பல் பிடுங்கிய இடத்தில் கொடுத்த நான்கு மாத்திரை அதில் இருக்காது, அவசரப் பிரிவில் போட்ட ஊசி இருக்காது. இரசாயனத்தில் நாங்கள் காட்டும் எச்சரிக்கை அனைத்தும் அந்த ஒற்றைச் சிவப்புச் சொல்லில் காணாமல் போகிறது. பரிசோதனை முடிவை வைத்து நோயாளியைச் சிகிச்சையிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் வெளியிட்ட திருத்திய வழிகாட்டுதலில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அப்படி எழுத வேண்டிய நிலை ஏன் வந்தது என்பது எங்கள் தொலைபேசியை எடுத்த எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் ஆய்வகத்தில் ஓபியேட் நெகட்டிவ் அறிக்கைகளின் அடியில் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி வாதாடி வாங்கினோம்: இந்தப் பரிசோதனை ஆக்ஸிகோடோன், ஃபென்டனில், மெத்தடோன், புப்ரினார்ஃபின், டிராமடால் ஆகியவற்றை நம்பத்தக்க வகையில் கண்டறியாது. அதன்பின் ஆக்ஸிகோடோன் பற்றிய அழைப்புகள் ஓரளவு குறைந்தன. இப்போது வரும் அழைப்புகள் ஃபென்டனிலைப் பற்றியவை. கலிஃபோர்னியா மாநிலம் 2023 முதல் மருத்துவமனைகளின் சிறுநீர்ப் போதைப்பொருள் பரிசோதனையில் ஃபென்டனிலைச் சேர்ப்பதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது; மற்ற இடங்களிலும் அது பரவி வருகிறது. நெடுநாள் பயன்படுத்தியவரின் கொழுப்புத் திசுவில் தங்கிவிடும் ஃபென்டனில் மெல்ல மெல்லத்தான் கசிகிறது. அதன் மெட்டபொலைட்டான நார்ஃபென்டனில், அவர் நிறுத்திய பிறகும் ஒரு வாரத்தைத் தாண்டி, சிலரிடம் இன்னும் நெடுநாள், சிறுநீரில் வந்துகொண்டே இருக்கும். "போன வாரமும் பாசிட்டிவ், இந்த வாரமும் பாசிட்டிவ், மறுபடி தொடங்கிவிட்டாரா?" என்று கேட்பவரிடம், சிறுநீர் நீர்த்திருப்பதைச் சரிக்கட்ட, இரண்டு மாதிரிகளின் நார்ஃபென்டனில் அளவையும் கிரியேட்டினினால் வகுத்துப் பாருங்கள், எண் இறங்குகிறதா ஏறுகிறதா என்று சொல்லுங்கள், பிறகு பேசலாம் என்கிறேன்.