பல மரம் பார்க்கும் தச்சனின் ஓய்வு நேரம்

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்ற பழமொழியை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்னை மனத்தில் வைத்தே சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பழைய நாணயம், வானொலி, பறவை, மைப்பேனா என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவற்றில் பொழுதைக் கழிக்கும் ஒருவனுக்கு அந்தப் பழமொழி பொருத்தமாகவே தோன்றும். ஆனால் தச்சனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டுக் கதவுக்காகக் காத்திருப்பவர் ஒருவர் உண்டு. என் ஓய்வு நேரத்திடம் எதையும் எதிர்பார்த்து யாரும் காத்திருக்கவில்லை. மேலும், வேலைக்குப் போகிறவர்களுக்கு ஓய்வு ஒரே அளவில் கிடைப்பதில்லை. இரவு உணவுக்குப் பிறகு கால் மணி நேரம், மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை, எப்போதாவது முழுதாகக் கைக்கு வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை என்று துண்டு துண்டாகவே அது வருகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஏற்ற ஒன்றை வைத்துக்கொள்ளாவிட்டால் எல்லாவற்றையும் கைப்பேசி எடுத்துக்கொள்ளும்.

கால் மணி நேரத்துக்கு ஏற்றவை நாணயங்கள். சேகரிப்பு என்றவுடன் சோழர் காசையும் வெள்ளி ரூபாயையும் நினைக்க வேண்டியதில்லை. மளிகைக் கடையில் மீதியாக வரும் சில்லறையிலேயே தொடங்கலாம். ஆண்டு எண்ணுக்குக் கீழே சிறிய வைரக் குறி இருந்தால் அந்த நாணயம் மும்பையில் அச்சானது. ஐந்து முனை நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, எந்தக் குறியும் இல்லாவிட்டால் பெரும்பாலும் கொல்கத்தா. ஒரே ஆண்டின் ஒரே ரூபாயை நான்கு ஊர்க் குறிகளோடு சேர்ப்பது பார்ப்பவருக்கு விளையாட்டாகத் தோன்றலாம். உருப்பெருக்கிக் கண்ணாடியோடு உட்கார்ந்து பார்த்தவருக்கே அதன் ருசி தெரியும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 1957ஆம் ஆண்டின் நயா பைசா. அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று தசம முறை நடைமுறைக்கு வரும்வரை ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, அறுபத்து நான்கு பழைய பைசா. அந்தக் கணக்கிலேயே வாழ்ந்து பழகிய மக்களுக்குப் புதுக்காசின் மதிப்பைப் புரியவைக்க, ‘ரூபாயின் நூறில் ஒரு பங்கு’ என்று இந்தியில் நாணயத்திலேயே எழுதிவைத்தார்கள். பழக்கம் ஏற்பட்ட பிறகு, 1964இல் ‘நயா’ என்ற அடைமொழியை நீக்கிவிட்டார்கள். நகக்கண் அளவே உள்ள அந்த வெண்கலக் காசில் ஒரு நாடே புதிதாகக் கணக்குப் பழகியது தெரிகிறது. இத்தகைய காசு கையில் கிடைத்தால் தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்குப் பொருந்துவது காசுக்குப் பொருந்தாது. காலம் அதன்மேல் படியவைத்த நிறம் போனால் சேகரிப்பாளரிடம் அதன் மதிப்பும் போய்விடும்.

மாலை நேரம் வானொலிக்கு உரியது. பகலில் வானத்தின் அயனி மண்டலத்தில் உள்ள தாழ்ந்த அடுக்கு, மத்திய அலையை (மீடியம் வேவ்) உறிஞ்சிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிடுவதால் அலைகள் அதற்கு மேலே உள்ள அடுக்கில் பட்டுத் திரும்பித் தொலைதூரத்தில் இறங்குகின்றன. அதனால்தான் பகலில் இரைச்சல் மட்டுமே கேட்கும் இடத்தில் இரவில் திடீரென்று வேறொரு நாட்டின் குரல் ஒலிக்கிறது. கேட்ட ஒலியின் வலிமை, குறுக்கீடு, இரைச்சல் முதலியவற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இட்டு நிலையத்துக்கு எழுதினால், சில நிலையங்கள் க்யூ.எஸ்.எல். அட்டை அனுப்பி அதை உறுதிசெய்யும். 2017இல் பிபிசி தமிழோசை வானொலி ஒலிபரப்பை நிறுத்தியது முதல் சிற்றலைப் (ஷார்ட் வேவ்) பக்கம் களை குறைந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இணையத்தில் எல்லாம் தெளிவாகக் கேட்கிறதே என்று கேட்பவர்களுக்கு, அந்தத் தெளிவில் எனக்கு வேலை எதுவும் இல்லை என்பதே பதில்.

முழுக் காலைப்பொழுது கிடைத்தால் சென்னையின் பள்ளிக்கரணை. ஒரு பக்கம் குப்பைமேடு, இன்னொரு பக்கம் வாகன இரைச்சல், நடுவில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் 2022 முதல் உள்ள ஒரு சதுப்புநிலம். எட்டு மடங்கு பெரிதாக்கும், நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் முகப்புக் கண்ணாடி உள்ள இருநோக்கி இதற்குப் போதும். அதைவிட அதிகமாகப் பெரிதாக்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். அங்கே நான் அதிக நேரம் பார்ப்பது நீளவால் இலைக்கோழியை. உடலுக்குப் பொருந்தாத நீளமான விரல்களைப் பரப்பி, மிதக்கும் இலை மூழ்காமல் நடக்கிறது. பெண் பறவை முட்டையிட்டுவிட்டு அடுத்த துணையைத் தேடிப் போய்விட, அடைகாப்பதும் குஞ்சுகளை அழைத்துத் திரிவதும் ஆணின் பொறுப்பு. பூநாரைக் கூட்டத்தைப் படமெடுக்கப் பெரிய கேமராக்களோடு வருபவர்கள் இதைக் கவனிக்காமல் போவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

மைப்பேனாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எபோனைட் என்னும் கெட்டி ரப்பரைக் கடைந்து செய்யும் பேனாக்கள் திருவள்ளூரில் இன்றும் தயாராகின்றன. அவற்றில் ஒன்றைக் கழுவி மை நிரப்பினால் ஒரு பிற்பகல் இனிதாகக் கழியும். தோட்டத்தை மட்டும் நான் சேர்த்துக்கொள்ளவில்லை. நாணயமும் வானொலியும் ஒரு மாதம் கவனிக்காவிட்டாலும் அப்படியே இருக்கும். மல்லிகைத் தொட்டி இருக்காது.

இவற்றால் என்ன வரும்படி என்று கேட்கிறார்கள். யூடியூபில் போடலாமே என்றும் சொல்கிறார்கள். வாரம் ஒரு காணொளி என்று கெடு வைத்தால் அதுவும் ஓர் அலுவலகமாகிவிடும் என்பதால் அந்தப் பேச்சை வளர்ப்பதில்லை. உடன் வர விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பைப் பற்றித்தான். பொங்கல் விடுமுறையில் ஓரிடத்தில் பதினைந்து நிமிடமாவது இருந்து, கண்ட பறவைகளை எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்டு இணையதளத்தில் பதிந்தால் போதும். மொட்டை மாடியில் நின்று காக்கையையும் மைனாவையும் எண்ணினாலும் கணக்கில் சேரும், இருநோக்கிகூடத் தேவையில்லை.