ஆண்ட்ராய்டு ஓபன்தான், ஆனால் எதுவரை?

கிடங்குகளில் பார்கோடு ஸ்கேன் பண்ணுகிற கைக்கருவிகளுக்கு ஆண்ட்ராய்டைப் பொருத்தித் தருவதுதான் எங்கள் டீமின் வேலை. புது வாடிக்கையாளர் யார் வந்தாலும் முதல் கூட்டத்திலேயே இந்த வசனம் வந்துவிடும்: "ஆண்ட்ராய்டு ஓபன் சோர்ஸ்தானே சார், எடுத்து மாத்திக் குடுக்க வேண்டியதுதானே?"

எடுக்கலாம், பொய்யில்லை. 2010-ல் ஆண்ட்ராய்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆண்டி ரூபின், சோர்ஸை (மூல நிரலை) இறக்கி பில்ட் செய்யும், அதாவது ஓடக்கூடிய மென்பொருளாக்கும் கட்டளைகளை ட்விட்டரில் அப்படியே போட்டு, ஓபன் என்றால் இதுதான் என்றார். இன்றைக்கும் நல்ல சர்வரும் சில நூறு ஜிபி இடமும் இருந்தால் பில்ட் முடிந்து எமுலேட்டரில் (கணினிக்குள் ஓடும் போலி போனில்) போன் ஜம்மென்று எழுந்துவிடும். அதையே கையிலுள்ள கருவியில் ஏற்றிப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். கேமராவைத் திறந்தால் கறுப்புத் திரை. கருவி எழுதிவைக்கும் லாக்கைப் பார்த்தால், கேமராவை இயக்கும் லைப்ரரி (நிரல் தொகுப்பு) கிடைக்கவில்லை என்று ஒரு வரி. அந்த லைப்ரரி சிப் தயாரிப்பாளரிடமிருந்து பைனரியாகத்தான் (இயந்திரத்துக்கு மட்டும் புரியும் வடிவில்) வரும், உள்ளே என்ன இருக்கிறதென்று நமக்குக் காட்டமாட்டார்கள். மோடமும் அப்படித்தான். அவர்கள் அந்த சிப்பைக் கைகழுவிவிட்டால், மேலே ஆண்ட்ராய்டு எவ்வளவு திறந்து கிடந்தாலும் பழைய கெர்னலோடு (ஆண்ட்ராய்டுக்கு அடியில் ஹார்டுவேரை இயக்கும் லினக்ஸ் பகுதி) மல்லுக்கட்ட வேண்டியதுதான். கெர்னல், பைனரியைத் தருபவர் சோர்ஸையும் தரவேண்டும் என்கிற ஜிபிஎல் உரிமத்தில் இருப்பதால் அதன் சோர்ஸையாவது உரிமையோடு கேட்கலாம் (கேட்டதும் கொடுத்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள்). ஆண்ட்ராய்டில் மற்றதில் பெரும்பகுதி அப்பாச்சி 2.0 உரிமம், மாற்றியவர் மாற்றத்தை யாருக்கும் காட்டவேண்டிய கட்டாயம் இல்லை.

சரி, கேமராவும் ஓடிவிட்டது என்று வையுங்கள். ப்ளே ஸ்டோர் இல்லை, மேப்பும் நோட்டிஃபிகேஷனும் நம்பியிருக்கிற ப்ளே சர்வீசஸும் இல்லை, ஏனென்றால் அவை திறந்த பகுதியில் சேராதவை, கூகுளோடு ஒப்பந்தம் போட்டவர்களுக்கு மட்டும். 2018-ல் ஐரோப்பிய ஆணையம் கூகுளுக்கு 434 கோடி யூரோ அபராதம் விதித்ததற்கு ஒரு காரணமே, கூகுள் ஆப்களை வேண்டுகிற நிறுவனம் அங்கீகாரமில்லாத ஆண்ட்ராய்டு வகையில் ஒரு கருவிகூட விற்கக்கூடாது என்ற நிபந்தனைதான். 2019-ல் அமெரிக்கத் தடை வந்தபோது ஹுவாவேக்கு ஆண்ட்ராய்டு சோர்ஸ் கிடைப்பதில் தடையே இல்லை, ஆனால் புது போன்களில் ப்ளே ஸ்டோர் போய்விட்டது. சீனாவுக்கு வெளியே அந்த போன்களின் விற்பனை சரிய அது போதுமானதாக இருந்தது. கூகுளின் அந்த நிபந்தனைகளுக்கும் ஒரு நியாயம் உண்டுதான், ஆளாளுக்கு வெட்டி ஒட்டினால் ஒரு ஆப்பும் ஒழுங்காக ஓடாது. ஆனாலும் இந்த சோர்ஸ் இல்லையென்றால் எங்கள் டீமே இருந்திருக்காது, ஐபோனை வைத்து இந்த வேலையை நினைத்தே பார்க்க முடியாது.

என்னைக் கேட்டால், சோர்ஸ் கிடைக்கிறதா என்பது சின்னக் கேள்வி. நான் பில்ட் செய்ததை நான் காசு கொடுத்து வாங்கிய கருவி ஏற்றுக்கொள்ளுமா, ஏற்றாலும் அதில் ஓடுகிற ஆப்கள் அதை மதிக்குமா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. என் பழைய போனுக்குத் தயாரிப்பாளர் அப்டேட்டை நிறுத்தியதும் பூட்லோடரைத் (போன் எழும்போது எந்த ஓஎஸ் ஓடலாம் என்று பார்க்கும் நிரல்) திறந்து, ஆண்ட்ராய்டு சோர்ஸிலிருந்து தன்னார்வலர்கள் உருவாக்கும் லினியேஜ் ஓஎஸ் போட்டேன், பாதுகாப்பு பேட்ச் மாதாமாதம் வருகிறது. வங்கி ஆப் "இந்தக் கருவி பாதுகாப்பானதல்ல" என்று வெளியே தள்ளிவிட்டது. வீட்டில் அதே மாடல் இன்னொன்று இருக்கிறது, பூட்லோடர் பூட்டியபடி, பேட்ச் பார்த்து வருடக்கணக்காகிறது. அதில் அந்த ஆப் முணுமுணுப்பே இல்லாமல் ஓடுகிறது.