மகள் வரைந்த பை

2025 டிசம்பர் 10. மெல்பேர்ணில் எங்கட வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து, 14 வயது மகள் தன் சமூக ஊடகப் பக்கத்தில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகச் சேமித்துக்கொண்டிருந்தாள். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்ற அவுஸ்திரேலியச் சட்டம் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. பெற்றோர் சம்மதித்தாலும் விலக்கில்லை. தண்டம் நிறுவனங்களுக்குத்தான், 49.5 மில்லியன் டொலர் வரை.

சட்டத்தை வரவேற்றவன் நான். 12 வயதில் கண்ட ஒரு வீடியோவால் நித்திரையின்றி அவள் அழுத இரவு இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

ஆனால் கடைசியாக அவள் சேமித்தது, பென்சிலால் வரைந்த, யாழ்ப்பாணத்தில் மனித எலும்புக்கூடுகள் தோண்டியெடுக்கப்பட்ட செம்மணிப் புதைகுழி. மண்ணுக்குள் ஒரு பள்ளிக்கூடப் பை. பையின் வார் மட்டும் நீல நிறம்.

"அப்பா, இதுவும் கூடாதோ?"

இந்த நாட்டு அரசியலமைப்பில் பேச்சுச் சுதந்திரம் நேரடியாக எழுதப்படவில்லை. அரசியல் கருத்துப் பரிமாற்றத்துக்கான சுதந்திரம் அதில் உள்ளடங்கியிருக்கிறது என்று உயர் நீதிமன்றம் 1992 இல் சொன்னது. என் மகளுக்கும் அது உரியது என்றே நம்புகிறேன். கண்டதையும் பிள்ளைகளுக்கு அள்ளித் திணிக்கும் அல்கோரிதத்துக்குத்தான் முதலில் கடிவாளம் போட்டிருக்க வேண்டும்.

படத்தை அச்செடுத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டக் கொடுத்திருக்கிறோம்.