பெத்தாவின் புளிப் போத்தல்

பெத்தாவின் (பாட்டியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவது) புளிப் போத்தலைக் கேட்காமல் எடுத்தது என் பிழைதான். ஆனால் அகன்ற வாய், ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் கீறல் இல்லாத பிளாஸ்டிக், கையால் கெப்பாசிற்றர், அதாவது மின் சார்ஜைச் சேர்த்து வைக்கிற சாமான், செய்ய நினைக்கிறவன் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா போவானா? உள்ளுக்கும் வெளியிலும் முக்கால் உயரத்துக்கு அலுமினியத் தாள் ஒட்டி, மூடியில் ஒரு ஆணி அடித்து, ஆணியில் கட்டின சங்கிலி உள்தாளில் முட்டுகிற மாதிரி தொங்கவிட்டேன். சார்ஜ் பிடிக்கிற கொள்ளளவு, கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 600 பிகோஃபாரட். தூசு மாதிரிதான், ஆனால் பத்தாயிரம் வோல்ட் ஏறினால் தூசும் கடிக்கும்.

சார்ஜ் ஏற்ற பீவீசீ பைப் ஒரு துண்டு. அதைத் தேய்க்கக் கம்பளி வேணும், மட்டக்களப்புக் கல்லடியில் கம்பளிக்கு எங்கே போவது? நுவரெலியா ட்ரிப்புக்கு வாங்கி ஒரே ஒரு நாள் போட்ட ஸ்வெட்டர் ஞாபகம் வந்தது.

செய்தது மார்கழி மழைக்குள். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், மேலே மழை. கை வலிக்கத் தேய்த்தும் ஒரு பொறி இல்லை, ஏறுகிற சார்ஜ் எல்லாம் போத்தலின் ஈர விளிம்பு வழியாக ஒழுகிவிடுகிறது. போதாததுக்குத் தாளை ஒட்டினது கோதுமைமாப் பசையில், விளிம்பு முழுக்க அதையும் பூசி வைத்திருக்கிறேன். விளிம்பைச் சுரண்டித் துடைத்து, போத்தலை அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டு மறந்துபோனேன். பெத்தா மறக்கவில்லை. சோறு போடும்போதெல்லாம் புளிப் போத்தல் கதைதான்.

ஆடியில் கச்சான் பிடித்தது. (கொறிக்கிற கச்சான் இல்லை, உதட்டை வெடிக்க வைக்கிற காற்று.) ஸ்வெட்டரை எடுத்து உதறினாலே படபடவென்று சத்தம். போத்தலை இறக்கி, வெளித்தாளை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு, பைப்பைத் தேய்த்துத் தேய்த்து ஆணியில் இழுத்தேன், ஒரு நாற்பது தரம் இருக்கும். பிறகு வெளித்தாளில் தொட்ட வயரின் மறுநுனியை ஆணிக்குக் கிட்டக் கொண்டுபோனால், டப்! மூன்று மில்லிமீற்றர் நீலப் பொறி. பத்தாயிரம் வோல்ட்டுக்குக் கிட்ட.

சத்தம் கேட்டுப் பெத்தா குசினியில் இருந்து வந்துவிட்டா.

“என்ன மனே வெடிக்குது? அது என்ட போத்தலெல்லோ?”

நான் உடனே வாத்தியாராகிவிட்டேன். 1746இல் ஒல்லாந்தில் லெய்டன் என்ற ஊரில் மஸ்சென்புரூக் என்று ஒருவர் கண்ணாடிப் போத்தலில் இப்படிச் செய்து அடி வாங்கினார், பிரான்ஸ் ராச்சியத்தையே தந்தாலும் இன்னொருதரம் வாங்கமாட்டேன் என்று எழுதினார், அந்த நேரம் எங்கட கோட்டையிலும் ஒல்லாந்தர்தான் இருந்தார்கள் என்றெல்லாம் அவிழ்த்துவிட்டேன்.

“அவன்ட கதை எனக்கு என்னத்துக்கு? போத்தலத் தா.”

“இந்தாங்க பெத்தா, கரண்ட் எல்லாம் போயிட்டு” என்று சொல்லிக்கொண்டே மூடியைக் கழற்ற ஆணியில் கைவைத்தேன்.

ஒருதரம் இறக்கினாலும் பிளாஸ்டிக்கில் ஊறிக் கிடக்கிற மிச்சச் சார்ஜ் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும், அதனால்தான் இரண்டாம் தரமும் வயரால் தொட்டுவிட வேணும். இதை நான் படித்திருக்கிறேன். முழங்கை தன்பாட்டில் துள்ளி, மேசையில் இருந்த பிளேன்டீ முழுக்க ஸ்வெட்டரில்.

பெத்தா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தா. “புளி வைக்கிற போத்தல்ல பேயை அடைச்சு வெச்சிருக்கியா மனே?”

ஆணியையும் சங்கிலியையும் கழற்றிக் கழுவிக் கொடுத்தேன். வெளித்தாள் மட்டும் உரிய மாட்டேன் என்கிறது. இப்போது அதில் மறுபடியும் புளி. பெத்தா அதைத் திறப்பதென்றால் முதலில் கால் இரண்டையும் ரப்பர் செருப்புக்குள் நுழைத்துக்கொள்கிறா, பிறகுதான் சீலைத் தலைப்பால் மூடியைப் பிடிக்கிறா.