கழுத்துவலிக்கு டிசபிலிட்டி பென்ஷன்: "பீஸ் ஸ்டேஷன்"னு ஒரு வரி படுத்தின பாடு

போன மாசம்தான் என் திருத்தின பி.பி.ஓ, அதாவது பென்ஷன் ஆர்டர், ஸ்பார்ஷ்ங்கற ராணுவ பென்ஷன் போர்ட்டல்ல ஏறுச்சு. எரிச்சல் இன்னும் அடங்கல, அது அடங்கறதுக்குள்ள எழுதிடலாம்னு உக்காந்தேன், கழுத்து, முதுகு கேஸ் வெச்சிருக்கற நம்ம பசங்க யாருக்காவது உதவும்.

நான் ஆர்மில எம்.டி டிரைவர், லாரி ஓட்டற வேலை, 24 வருஷம் சர்வீஸ், ஹவில்தாரா 2016 நவம்பர்ல வெளிய வந்தேன். ரிலீஸ் மெடிக்கல் போர்டுல சர்வைகல் ஸ்பாண்டிலோசிஸ் (கழுத்தெலும்பு தேய்மானம்), ஊனம் 20 பர்சென்ட், ஆயுசுக்கும்னு போட்டாங்க. அப்பாடா 20 வந்துடுச்சுன்னு சந்தோஷமா கையெழுத்து போட்டேன், ஏன்னா 20க்கு கீழ போனா டிசபிலிட்டி எலிமென்ட்டே, அதாவது ஊனத்துக்குன்னு தனியா தர்ற பென்ஷனே, கிடையாதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா அதே பேப்பர்ல இன்னொரு கட்டம் இருக்கு, வியாதி சர்வீஸால வந்துச்சா, சர்வீஸால அதிகமாச்சான்னு. ரெண்டுக்கும் "நோ". காரணம் ஒரே வரி, வியாதி ஆரம்பிச்சது பீஸ் ஸ்டேஷன்ல, அதாவது எல்லை, மலைன்னு இல்லாத அமைதியான ஊர் போஸ்டிங்ல. அதை நான் படிக்கல. படிச்சிருந்தா மட்டும் அன்னைக்கு என்ன கிழிச்சிருப்பேன்னு கேக்காதீங்க, வீட்டுக்குப் போற அவசரத்துல இருக்கறவன் எதையும் படிக்க மாட்டான்.

ரிஜக்ஷன் லெட்டர் 2017ல வந்துச்சு. 6 மாசத்துக்குள்ள ஃபர்ஸ்ட் அப்பீல் போடலாம்னு அதுலயே எழுதியிருந்தது. போடல. செக்யூரிட்டி வேலை கிடைச்சிருந்தது, வலியும் அப்ப தாங்கற அளவுலதான் இருந்துச்சு. என் வாழ்க்கையில பண்ண காஸ்ட்லி சோம்பேறித்தனம் இதுதான், எவ்வளவுன்னு பின்னாடி சொல்றேன்.

2020ல இடது கை விரல் மரத்துப்போக ஆரம்பிச்சப்புறம்தான் புத்தி வந்துச்சு. மொத தப்பா, ஓடிப்போய் பிரைவேட்ல 7,000 ரூபா குடுத்து எம்.ஆர்.ஐ எடுத்தேன். எல்லாரும் இதத்தான் பண்றாங்க, இத்தனை டிஸ்க் பிதுங்கியிருக்குன்னு படம் காட்டினா பென்ஷன் தந்துடுவாங்கன்னு ஒரு நினைப்பு. கடைசி வரைக்கும் அந்தப் படத்த ஒருத்தரும் கவர்லேர்ந்து எடுத்துக்கூட பாக்கல. வலி இருக்குன்னு அவங்களே 20 பர்சென்ட் போட்டு ஒத்துக்கிட்டாங்க, சண்டை அது எங்க ஆரம்பிச்சதுங்கறதுல மட்டும்தான்.

அடுத்து வேணும்னது போர்டு பேப்பரோட காப்பி, ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப் 16. அது இல்லாம அப்பீல் எழுதறது கண்ணக் கட்டி வண்டி ஓட்டற மாதிரி. நம்ம சர்வீஸ் பேப்பரெல்லாம் வெச்சிருக்கற ரெக்கார்ட் ஆபீசுக்கு ரெண்டு ரெஜிஸ்டர் போஸ்ட் போட்டேன், பதில் இல்ல. நேர்லயே போயிடலாம்னு காட்பாடில ராத்திரி வண்டி ஏறிப் போனேன். கேட்ல போனை வாங்கி வெச்சுக்கிட்டு, பாஸ் போட்டு, உள்ள விடறதுக்குள்ள பதினோரு மணி. செக்ஷன் கிளார்க்குக்கு என் பையன் வயசுதான் இருக்கும். ஃபைல் நம்பரக்கூட கேக்கல, நிமிர்ந்தும் பாக்கல, "டாக் ஸே ஆயேகா, சாப்"னான். தபால்ல வரும்னா நான் எதுக்குய்யா ராத்திரி முழுக்க உக்காந்து வந்தேன், அதுவும் இந்தக் கழுத்த வெச்சுக்கிட்டு. ரவுண்டிங் ஆஃப் (20ஐ 50ன்னு ஏத்திக் கணக்குப் போடறது) பத்தி கேட்டதுக்கு, அது போர்ட் அவுட் ஆனவனுக்கு, அதாவது உடம்பு சரியில்லன்னு நடுவுலயே அனுப்பப்பட்டவனுக்கு மட்டும்தான், டெர்ம் முடிச்சு வந்தவனுக்குக் கிடையாதுன்னு அடிச்சு சொன்னான். சுத்தப் பொய்யி. டெர்ம் முடிச்சு வந்தவங்களுக்கும் உண்டுன்னு ராம் அவ்தார் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் 2014 டிசம்பர்லயே சொல்லியாச்சு. யாராவது உங்ககிட்டயும் இதே கதைய விட்டா அந்த கேஸ் பேர மட்டும் சொல்லிப் பாருங்க.

திரும்பி வந்து ஆர்.டி.ஐ போட்டேன். அதுலயும் 10 ரூபா போஸ்டல் ஆர்டர்ல பேர் மாத்தி எழுதிட்டேன்னு கவரோட திருப்பி அனுப்பிட்டாங்க, ஒரு மாசம் போச்சு. ஆன்லைன் ஆர்.டி.ஐ போர்ட்டல்லயே ஆர்மி இருக்கு, அதுல போடுங்க, 10 ரூபாயும் அங்கயே கட்டிடலாம். ரெண்டாவது தடவ பேப்பர் வந்துச்சு, ஆனா ஜெராக்ஸ்ல இடது ஓரம் வெட்டுப்பட்டு எனக்கு வேண்டிய கட்டத்துல பாதி எழுத்து இல்ல. மறுபடி எழுதி வாங்கினேன்.

இதுக்கு நடுவுல எங்க யூனிட் சுபேதார் அண்ணன் ஒருத்தர், இப்ப குடியாத்தத்துல இருக்கார், ஒரே ஒரு கேள்வி கேட்டார். "டேய், பீஸ்ல எப்ப சிக் ரிப்போர்ட் பண்ண?" 2011 ஏப்ரல்ல. "அதுக்கு முன்னாடி எங்க இருந்த?" லடாக்ல, ரெண்டு வருஷம், ஸ்டாலியன்னு ஆர்மி லாரி, மலைய விட்டு எறங்கி அஞ்சு மாசம்தான் ஆகியிருந்துச்சு. அங்க கழுத்து வலிச்சா எவன் சிக் ரிப்போர்ட் பண்ணுவான், கான்வாய் சீசன்ல படுத்தா "காம்சோர்", வேலைக்கு டிமிக்கி குடுக்கறவன்னு பேர் வெச்சிடுவானுங்க, மப்ளர இறுக்கிச் சுத்திக்கிட்டு ஸ்டியரிங்ல உக்காந்துடுவோம். "ஒரு தடவ கூடவா எம்.ஐ. ரூம் போகல, பொட்டிய நல்லா தேடுறா"ன்னார். எம்.ஐ. ரூம்னா யூனிட்டோட ஆஸ்பத்திரி ரூம்.

கருப்பு ட்ரங்க கவுத்துப் போட்டு எங்க வீட்டம்மாவும் நானும் ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்கத் தேடினோம். டிஸ்சார்ஜ் புக்கோட பிளாஸ்டிக் உறைக்குள்ள மடிச்சு ஒரு சீட்டு இருந்துச்சு. ஜூலை 2010, கழுத்துவலி, ப்ரூஃபென், 3 நாள் லைட் டியூட்டி. ஊதா ஸ்டாம்ப் பாதி அழிஞ்சிருந்துச்சு, ஆனா யூனிட்டோட எம்.ஐ. ரூம்னு படிக்க முடிஞ்சது. நான் அந்த 3 நாளும் வண்டி ஓட்டினேங்கறது வேற விஷயம்.

அப்பீல் போட்டேன். லேட்டுன்னும், பழைய காரணமேன்னும் ரெண்டே வரில தள்ளிட்டாங்க. சீட்டப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. செகண்ட் அப்பீலுக்கு 6 மாசம் ஆகியும் பதிலே இல்ல, அப்படி பதில் இல்லன்னா நேரா ஆயுதப்படை ட்ரிப்யூனல் (தீர்ப்பாயம்) போகலாம்னு சட்டத்துலயே இருக்கு, காத்துக்கிட்டே உக்காராதீங்க. 2022ல சென்னை பெஞ்ச்ல கேஸ் போட்டோம், கூடவே தாமதத்த மன்னிக்கச் சொல்லி தனி மனு.

ட்ரிப்யூனல் பகுதி சுருக்கமாவே முடிஞ்சது. எங்க வக்கீல் பிடிச்சது ரெண்டு விஷயம். ஒண்ணு யாருக்கு இந்தப் பென்ஷன் உண்டுன்னு சொல்ற என்டைட்டில்மென்ட் ரூல்ஸ், அதோட தரம்வீர் சிங் கேஸ்ல 2013 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. ஆளெடுக்கும்போது இந்த வியாதி இருக்குன்னு எழுதல, அப்ப சர்வீஸ்ல வந்ததாத்தான் எடுத்துக்கணும், இல்லன்னு சொன்னா காரணத்த அவங்கதான் காட்டணும், ஜவான் நிரூபிக்க வேண்டியதில்ல. இன்னொண்ணு நம்ம சீட்டு. ஆர்டர் சாதகமா வந்துச்சு, சர்வீஸால அதிகமான வியாதி, 20 பர்சென்ட்ட 50ன்னு ரவுண்ட் பண்ணித் தரணும்.

ஆனா அரியர்ஸ் கேஸ் போட்ட தேதிக்கு முந்தின 3 வருஷத்துக்குத்தான். அதாவது 2016லேர்ந்து 2019 வரைக்கும் உள்ளது போச்சு. 100 பர்சென்ட்டுக்கு கடைசி சம்பளத்துல 30 பர்சென்ட், 50க்கு அதுல பாதி. எனக்கு பேசிக், எம்.எஸ்.பி (மிலிட்டரி சர்வீஸ் பே) எல்லாம் சேத்து 45,000, அப்ப மாசம் 6,750, மேல டி.ஏ வேற. ரெண்டரை வருஷத்துக்கு மேல அந்தக் காசு போச்சு, கணக்குப் போட்டுப் பாத்தவ எங்க வீட்டம்மா, ரெண்டு நாள் எங்கூட பேசல.

ஆர்டர் வந்தும் கதை முடியல. 4 மாசம் டைம், 9 மாசம் ஆச்சு, ஆர்டர நிறைவேத்தச் சொல்லி எக்ஸிக்யூஷன் மனு போடப்போறோம்னு வக்கீல் லெட்டர் போனப்புறம்தான் ஃபைல் அசைஞ்சுது. வந்த பி.பி.ஓவ ஸ்பார்ஷ்ல தொறந்து பாத்தா டிசபிலிட்டி கட்டத்துல 20ன்னே போட்டிருக்கு. மாசம் 2,700. பேங்க்ல பணம் ஏறுனதப் பாத்துட்டு சும்மா இருந்திருந்தா அப்படியே ஓடியிருக்கும். ஆர்டரோட கடைசிப் பக்கத்த மட்டும் மஞ்சள் பேனால கோடு போட்டு ஸ்கேன் பண்ணி கிரீவன்ஸ்ல (புகார் பகுதில) ஏத்தினேன், நம்ம மாவட்ட முன்னாள் படைவீரர் நல ஆபீஸ்ல இருந்த மேடமும் ஒரு லெட்டர் வெச்சாங்க, புண்ணியவதி. ரெண்டு மாசத்துல 50 ஆச்சு.

ஒண்ணு மட்டும், 2023 செப்டம்பர் 21க்கு அப்புறம் வெளிய வர்ற பசங்களுக்கு ரூல்ஸே வேற, இம்பேர்மென்ட் ரிலீஃப்னு பேர் கூட மாறிடுச்சு, என் பெட்டிஷன வாங்கி அப்படியே காப்பி அடிச்சுப் போட்டுடாதீங்க.