மேக்னட்டோ வண்டிக்குச் சாவி ஏது?

ஒருவழியாக முழுசாக வந்துவிட்டது. இங்கிலாந்துப் பாடகர் ரிச்சர்ட் தாம்சன் ஒரு பைக்கின் பெயரையே தலைப்பாக வைத்து எழுதிய '1952 வின்சென்ட் பிளாக் லைட்னிங்' பாட்டை, வாயால் பாடிக்கொண்டே, கிதாரில் கட்டைவிரல் எங்கேயும் தடுமாறாமல், அசல் வேகத்துக்குக் கொஞ்சம் கீழே வாசித்துவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு வாசித்ததைச் சொல்லவில்லை. தருமபுரியில் ஒரு மெக்கானிக் ஷெட், பாலக்கோட்டுப் பக்கம் பெரியம்மா வீட்டுத் திண்ணை, கிருஷ்ணகிரி பைபாஸில் பைக் ஓட்டுகிறவர்கள் கூடும் டிபன் கடை வாசல் என்று எல்லா இடத்திலும் ஆட்களை உட்கார வைத்து வாசித்துக் காட்டியாயிற்று. பெருமைதான், மறைப்பானேன். ஆனால் அவர்கள் சொன்னதைக் கேட்டபிறகு எனக்கு வேறு வேலை வந்து சேர்ந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அதற்கு முன்னால் அந்த ஆறாவது கம்பி.

இந்தப் பாட்டுக்குச் சுருதி சி ஜி டி ஜி பி இ, கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) மூன்றாவது ஃப்ரெட்டில். நம் கணக்கில் சொன்னால் தடித்த ஆறாவது கம்பியிலிருந்து மெல்லிய முதல் கம்பி வரை ம ச ப ச க த. ஐந்தாவது கம்பி ஆதார ஷட்ஜம், ஆறாவது அதற்குக் கீழே மத்தியமம். இந்த ஏற்பாட்டின் அழகே அந்தக் கீழ் மத்தியமம்தான். கட்டைவிரல் ச, ப என்று மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று தரைக்கு அடியிலிருந்து ஒரு 'ம' வரும். அது வரும் இடத்தில் கேட்கிறவர்கள் தலை நிமிர்வதைப் பார்த்திருக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், வழக்கமாக 'இ' சுருதியில் இருக்கும் ஆறாவது கம்பியை நாலு அரைச்சுரம் இறக்கியதும் அது துணி காயப்போடும் கொடிக்கயிறு மாதிரி தொங்கிவிடுகிறது. 12-53 செட்டில் (மெல்லிய கம்பியும் தடித்த கம்பியும் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்ற கணக்கு) எவ்வளவு மென்மையாக அடித்தாலும் முதல் நொடியில் சுரம் மேலே ஏறி, அப்புறம் இறங்கி நிற்கும். டியூனர் பச்சை காட்டும், காது ஒத்துக்கொள்ளாது. 13-56 செட்டுக்கு மாறினேன், பாதி குணமானது. மீதிப் பாதிக்கு நான் செய்வது இது: கேப்போ போடாமல் சுருதி சேர்க்க வேண்டும். கேப்போவை ஃப்ரெட்டை ஒட்டினாற்போலப் போட வேண்டும். ஆறாவது கம்பியைக் கையால் இழுத்துவிட்டு மறுபடி சேர்க்க வேண்டும். கடைசியாக அந்த ஒரு கம்பியை மட்டும் ஒரு மயிரிழை இறக்கி வைக்க வேண்டும். அடிக்கும் வேகத்தில் அது தானாக ஏறிச் சரியான இடத்துக்கு வந்துவிடும். உள்ளங்கை ஓரம், உடல் பக்கம் கம்பிகள் முடியும் பிரிட்ஜில் லேசாகப் பட்டுக்கொண்டே இருந்தால் இன்னும் நல்லது. தாம்சன் பிக்கையும் (கம்பியைத் தட்டும் சின்னத் தகடு) விரல்களையும் சேர்த்து வாசிப்பவர். எனக்கு அந்தக் கலப்பு முறை படியவே இல்லை, கட்டைவிரலில் மாட்டிக்கொள்ளும் தம் பிக்தான். பிக் வைத்தால் பாஸ் சுத்தமாக வெட்டி விழும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் மெல்லிய கம்பிகளில் என் நடுவிரலும் மோதிர விரலும் சொன்னபடி கேட்பதில்லை.

கம்பி வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் பாதி விலைக்குப் பெரிய பிராண்டு செட் என்று ஒன்றை வாங்கினேன். உறை அச்சு அசலாக இருந்தது. மூன்றாவது கம்பி சுருதிக்கு வரும் முன்பே முனையில் பிரிந்தது. திருப்பி அனுப்பக் கேட்டால் 'பயன்படுத்திய பொருள்' என்று பதில். அதிலிருந்து யாராவது பெங்களூர் போனால் அவர்கள் கையில்தான் சொல்லிவிடுகிறேன்.

சரி, கேட்டவர்கள் கதைக்கு வருவோம். பாட்டு தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. 1991-ல் 'ரூமர் அண்ட் சை' ஆல்பத்தில் வந்தது. ஒரே ஒரு கிதார், ஒரே ஒரு குரல். வழிப்பறி செய்து பிழைக்கும் ஒருவன், அவனுடைய அருமையான வண்டி, அந்த வண்டியைப் பார்த்துப் பேச்சுக் கொடுக்கும் செந்நிற முடிக்காரப் பெண். மோதிரம் போடுகிறான். கடைசியில் துப்பாக்கிச் சூடு பட்டுச் சாகக் கிடக்கும்போது வண்டிச் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான்.

ஷெட்டில் யாருக்கும் அந்த இங்கிலீஷ் பிடிபடாது என்பதால், கூத்தில் கட்டியங்காரன் வந்து கதையை முதலில் சொல்லிவிடுவது போல நானும் தமிழில் சொல்லிவிட்டு வாசித்தேன். இந்த வழி நன்றாக வேலை செய்கிறது. முடிவு முன்னாலேயே தெரிந்துவிட்டால் ருசி போய்விடும் என்று யாரும் நம் ஊரில் நினைப்பதில்லை. துரியோதனன் படுகளத்தில் விழப்போகிறான் என்று தெரிந்துதானே பாரதக் கூத்துக்கு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம்.

வாசித்து முடித்ததும் மெக்கானிக் அண்ணன் கை தட்டவில்லை. போனைக் கேட்டார். வின்சென்ட் படத்தைக் காட்டினேன். கிரீஸ் விரலைச் சட்டையில் துடைத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கி, இஞ்சினை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"ஏம்ப்பா, இது மேக்னட்டோ வண்டிதானே?"

"ஆமாண்ணா."

"மேக்னட்டோ வண்டிக்குச் சாவி ஏது? வில்லியர்ஸ் பம்புசெட்டுக்கு எவனாச்சும் சாவி போட்டுப் பார்த்திருக்கியா? கயிறைச் சுத்தி இழுத்தா ஓடும். அவன் எந்தச் சாவியைக் குடுத்தான்?"

அவர் சொன்னது சரி. மேக்னட்டோ என்பது பேட்டரி இல்லாமலே இஞ்சின் சுழற்சியில் தீப்பொறி தரும் கருவி. வின்சென்ட் வண்டிகளில் சாவி போட்டுத் திருகும் ஏற்பாடு கிடையாது. அதோடு விட்டாரா? பிளாக் லைட்னிங் பந்தயத்துக்கென்றே செய்தது, விளக்கு கிடையாது என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "லைட்டும் இல்லாத வண்டியில பொண்ணை வச்சு எங்க கூட்டிட்டுப் போவான், பட்டப்பகல்லயா?" என்று பிடித்துக்கொண்டார். 998 சி.சி., வி வடிவ இரட்டை சிலிண்டர், 1948-லிருந்து 1952 வரை இங்கிலாந்தின் ஸ்டீவனேஜில் மொத்தமே முப்பது சொச்சம் வண்டிதான் செய்தார்கள் என்றதும் கொஞ்சம் அடங்கினார். அந்த மாடலில் ஒன்று 2018-ல் அமெரிக்காவில் 9,29,000 டாலருக்கு ஏலம் போனது, அன்றைய மதிப்பில் ஏறக்குறைய ஆறு கோடி ரூபாய் என்றதும் ஷெட்டே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஸ்பானர் துடைத்துக்கொண்டிருந்த பையன் சொன்னதுதான் அன்றைக்கு வந்ததில் எனக்குப் பிடித்தது: "ஆறு கோடியைக் குடுத்துட்டுச் செத்தானாண்ணா? அப்ப நெஜமாவே லவ்தான்."

சிரிப்பாக இருந்தாலும் இதில் விஷயம் இருக்கிறது. அவர்கள் யாருமே காதலை நேராகப் பார்க்கவில்லை, வண்டி வழியாகத்தான் பார்த்தார்கள். வண்டி விவரம் சரியாக இருந்தால் காதலையும் நம்புகிறார்கள். சாவி இடத்தில் நம்பிக்கை போனால் மொத்தமும் போகிறது.

பெரியம்மா வீட்டுத் திண்ணையில் வேறு கதை. அங்கே வண்டியைப் பற்றி யாருக்கும் கவலையே இல்லை. பெரியம்மாவின் முதல் கேள்வி, "அந்த மோதிரம் திருட்டு மோதிரமாடா?" இத்தனை வருஷமாக இந்தப் பாட்டைக் கேட்கிற எனக்கு இது தோன்றியதே இல்லை. இரண்டாவது கேள்வி, அந்தப் பெண் அப்புறம் என்ன ஆனாள் என்பது. பாட்டில் அது இல்லை பெரியம்மா என்றால் ஒத்துக்கொள்ளவில்லை. "செத்தவன் செத்தான். இருக்கிறவளைப் பத்திப் பாடாம என்னத்துக்குப் பாட்டு?" சாவு வரும் இடத்தில் ஒப்பாரி எங்கே என்றும் ஒரு குறை. தாம்சன் அந்த இடத்தில் வேகத்தைக் குறைப்பதே இல்லை, விரல்கள் அதே ஓட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும். என் காதுக்கு அதுதான் பாட்டின் பலம். திண்ணையில் இருந்தவர்களுக்கு அது ஈரமில்லாத வேலையாகப் பட்டது.

பெரியப்பா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்: "வழிப்பறிக்காரனுக்கு எல்லாம் பாட்டாடா?" பதில் சொன்னது நான் இல்லை, பக்கத்து வீட்டுத் தமிழ் ஐயா. ரிட்டயர்டு ஆனவர், திண்ணைக்கு வந்தால் காபி குடிக்காமல் போகமாட்டார். "தருமபுரி மியூசியத்துல நடுகல்லைப் போய்ப் பாருங்க. மாட்டை மீட்கப் போய் விழுந்தவனுக்கும் கல்லு நட்டிருக்கோம், மாட்டை ஓட்டிட்டு வரப் போய் விழுந்தவனுக்கும் நட்டிருக்கோம். வெட்சியும் திணைதானே" என்றார். மாட்டைக் கவர்ந்து வருவதைப் பாடும் திணை வெட்சி. பெரியப்பா அதற்கு அப்புறம் பேசவில்லை. எனக்கு அந்த வாக்கியத்தைப் பாட்டு முன்னுரையில் அப்படியே சேர்த்துக்கொள்ளலாம் என்று ஆசை. ஐயாவிடம் அனுமதியும் வாங்கிவிட்டேன்.

கிருஷ்ணகிரிக் கூட்டம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஞாயிறு காலையில் பெங்களூரிலிருந்து டிபன் சாப்பிடவே வண்டி ஓட்டி வருகிறவர்கள். கன்னடம், தெலுங்கு, தமிழ், இங்கிலீஷ் எல்லாம் ஒரே மேசையில் ஓடும். பாதிப் பேருக்குப் பாட்டு முன்னாலேயே தெரியும். 1948-ல் ரோலி ஃப்ரீ பான்வில் உப்பு வெளியில் நீச்சல் உடையோடு வின்சென்ட் மேல் குப்புறப் படுத்து மணிக்கு 150 மைலைத் தாண்டிய படத்தை ஒருவர் போனில் வைத்திருந்தார், அதைச் சுற்றிக் காட்டினார். சாவி இடத்தில் எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். மேக்னட்டோ விவகாரம் அவர்களில் சிலருக்கும் தெரிந்திருந்தது, ஆனால் அவர்கள் பொருட்படுத்தவில்லை. நடுச் சரணத்தில் ஒரு யமஹா ஆர்.எக்ஸ். 100 ஸ்டார்ட் ஆகி, என் கீழ் மத்தியமத்தை விழுங்கிவிட்டது. கோபம் வந்தாலும், அந்தச் சத்தத்தை யாராலும் குறை சொல்ல முடியாது. அங்கேதான் ஒருவர், அமெரிக்கப் பாடகர் டெல் மெக்கூரி இதே பாட்டை அந்த ஊர் நாட்டுப்புற பாணியான ப்ளூகிராஸில் பாடியதை நினைவுபடுத்தினார். மெக்கூரி பாடும்போது பாட்டில் வரும் இங்கிலாந்து இடமான பாக்ஸ் ஹில்லை எடுத்துவிட்டு நாக்ஸ்வில் என்று போட்டுக்கொண்டார்.

அது எனக்குத் தைரியம் கொடுத்தது. பாட்டை மொழிபெயர்ப்பதாக இல்லை. அதே அச்சில், நம் ஊர் வண்டியை வைத்து ஒரு கதைப்பாட்டு. வண்டி யெஸ்டி. மைசூரில் செய்தது, 1996-ல் கம்பெனி மூடினாலும் நம் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகச் சாவி உள்ளது. மெக்கானிக் அண்ணனிடம் முதலில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். இப்போதைக்குப் பல்லவி இப்படி நிற்கிறது:

மைசூரு மண்ணுல பொறந்த வண்டி – என்
மாமன் கையில வளந்த வண்டி
ஒதைச்ச காலாலே கியரு போட்டு
ஒகேனக்கல் ரோட்டுல பறந்த வண்டி

மூன்றாவது வரிக்கு ஷெட்டில் விசில் விழுந்தது. யெஸ்டியில் கிக்கரை உள்ளே தள்ளி முன்னால் திருப்பினால் அதுவே கியர் லிவர். அது தெரிந்தவர்களுக்கு அந்த வரி போதும், வேறு எதுவும் விளக்க வேண்டியதில்லை. ஒகேனக்கல் என்றதும் பெரியம்மா மருமகள் சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டாள், ஏன் என்று நான் கேட்கவில்லை.

இதில் எனக்குப் பிடிபடாத இடம் தாளம். கட்டைவிரல் ஓடுவது சதுசிரத்தில், அதாவது நாலு நாலாக. பல்லவியைப் பாட ஆரம்பித்ததும் பெரியம்மா கை தட்டத் தொடங்கினார்கள், கும்மித் தட்டு, மூன்று மூன்றாக, சுத்தமான திசிரம். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒரே பாட்டில் என் கட்டைவிரல் ஒரு நடையில், அவர்கள் கைகள் வேறு நடையில். விரலை மாற்றிப் பார்த்தால் ச ப ச என்று மூன்றாகப் பிரிகிறது, நன்றாகவே இருக்கிறது, ஆனால் அடுத்த சுற்றில் கட்டைவிரல் தப்பான கம்பியிலிருந்து ஆரம்பிக்கிறது. ச-வில் தொடங்க வேண்டியது ப-வில் தொடங்கும். இரண்டு சுற்றையும் ஒரு சேர்க்கையாக எடுத்தால் ச ப ச, ப ச ப என்று கணக்கு நேராகிறது. மெதுவாக வாசித்தால் வருகிறது. பாடிக்கொண்டே என்றால் வாய் ஒரு பக்கம் போகிறது.

இன்னொரு தொல்லை ஊர்ப் பெயர். மூன்றாம் சரணத்தில் அவன் விழும் இடம் தொப்பூர் இறக்கம் என்று எழுதியிருந்தேன். 'தொப்பூர்' என்று வாயைத் திறந்ததும் ஷெட்டில் ஒரே குரலில் "லாரியா?" என்றார்கள். நான் சொல்ல வந்தது சண்டை. தொப்பூரில் விபத்தைத் தவிர எது நடந்தாலும் நம் ஆட்கள் நம்பமாட்டார்கள். ஆகவே ஊரை மாற்ற வேண்டும். மொரப்பூர் ரயில் நிலையம் எதுகைக்கு ஒத்து வருகிறது, பாலக்கோட்டுச் சந்தை கதைக்கு ஒத்து வருகிறது. இரண்டும் ஒத்து வருவது மாதிரி ஒரு ஊர் யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.

கடைசிச் சரணம் எழுதியாயிற்று, ஆனால் மெக்கானிக் அண்ணன் கையெழுத்துப் போடவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு அவள் என்ன செய்வாள், ஆர்.சி. புத்தகம் யார் பெயரில் இருக்கிறது, இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்கிறார். பெரியம்மா சொன்னபடி, இருக்கிறவளைப் பற்றி ஒரு சரணம் கூடுதலாகச் சேர்த்து, அதிலேயே அவள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய்ப் பெயர் மாற்றுவதையும் வைத்துவிடலாமா என்று பார்க்கிறேன். இரண்டு தரப்பும் சமாதானமாகும். மாங்காய் சீசன் முடிந்ததும் திண்ணையிலேயே வைத்துப் பதிவு செய்வதாகத் திட்டம், கும்மித் தட்டோடு சேர்த்து. அதற்குள் ஆறாவது கம்பிக்கு 0.059 அங்குல அளவில் தனிக் கம்பி கிடைக்க வேண்டும். சேலத்திலோ ஓசூரிலோ செட்டாக இல்லாமல் ஒற்றைக் கம்பி விற்கும் கடை தெரிந்தவர்கள் எழுதுங்கள். கிதார் கழுத்து முனையில் கம்பி உட்காரும் நட்டில் பள்ளத்தை அரம் போட்டு அகலமாக்கித் தயாராக வைத்திருக்கிறேன்.